தட்டும் வரை எண்ணு

கப்பலில் இருந்தவர்களுக்கு ஆனது பதினோரு மணி நேரம். கல்லறைக்குள் இருந்தவளுக்கு ஆனது நானூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள். இந்த இரண்டு எண்களும் அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த கணினி விளையாட்டில் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தில் அவள் வேலை. கல்வெட்டுகளைப் பார்த்தாயிற்று. மாலுமிகளின் பேச்சையும், சுவர் ஓவியங்களின் ஓரத்தில் வரும் பொடி எழுத்தையும் பார்த்தாயிற்று. ஒரே ஒரு ஒலித்துண்டு பாக்கி. அதைக் காதில் ஓடவிட்டபோது, கல்லுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல அடங்கிய குரலில் குழந்தை சொன்னது.

"நானூத்திப் பத்தொம்பது."

பிறகு, எப்போதும்போல, ஒரு சின்ன மூக்குறிஞ்சல்.

திரும்ப ஓடவிட்டாள். பத்தொன்பதுதான். ஏழு ஆண்டு அதிகம். அவளுக்குப் பயம் வரவில்லை, சலிப்புதான் வந்தது. மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காதவர்களுக்கு வருகிற சலிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறாவது மாடியின் சன்னல்களில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கம்பளத்தின் ஈர வாடையும், யாரோ பாதியில் விட்டுப்போன தேநீரின் புளித்த வாடையும் குளிரூட்டியின் காற்றில் சுற்றிச் சுற்றி வந்தன.

கல்லறைக் கதையை எழுதியதும் அவள்தான். அரசனைக் குளிர்ந்த நிலவொன்றில் வைத்து மூடும்போது கூடவே ஒரு சிறுமியையும் வைத்து மூடுவார்கள். ஆண்டுகளை எண்ணுவது அவள் வேலை. மூடியவர்கள் கப்பலேறி ஒளியை ஒட்டிய வேகத்தில் போய்விடுவார்கள். அவர்களுக்குச் சில மணி நேரம், உள்ளே இருப்பவளுக்கு நூற்றாண்டுகள். இதுவரைக்கும் இயற்பியல், அவள் கல்லூரியில் படித்தது. திரும்பி வந்து கதவைத் தட்டினால் சிறுமி எண்ணுவதை நிறுத்தி எண்ணைச் சொல்வாள். அதுவரை கல்லறையின் யந்திரம் அவளைச் சாக விடாது. 'வயதாவதைத் தடுக்காது, சாவதை மட்டும் தடுக்கும்' என்று ஒரு மதியம் போகிறபோக்கில் எழுதியிருந்தாள். அலுவலகத்தில் கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் குழுத் தலைவருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது.

குரல் ஒரே வீட்டில் இருக்கும் அக்கா மகளுடையது. குட்டிக்கு ஆறு வயது. நூற்றுக்குப் பிறகும் எண்ண முடியும் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தாள், அந்தப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதிரிப் பதிவுக்காக இவள் அவளைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்து, மடியில் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். கல்லறை ஒலி வர வேண்டுமே. எதுவரைக்கும் எண்ண வேண்டும் என்று குட்டி கேட்டாள். சித்தி தட்டும் வரை என்று இவள் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கேப்டன் கணினியில் அழைத்துவிட்டார். பேசி முடித்துத் தலை நிமிர்ந்தபோதுதான் அலமாரி ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தட்டினாள். உள்ளே எண்ணுவது நின்றது. "நானூத்திப் பன்னெண்டு," என்றது குரல். கதவைத் திறந்தால், வேர்த்து விறுவிறுத்து, கண்ணில் நீர் முட்ட, ஆனால் அழாமல் உட்கார்ந்திருந்தாள். "சரியா எண்ணினேனா, சித்தி?" என்றாள்.

அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. வேறு குழந்தையை வைத்துப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார்கள். கேப்டன் கேட்டுவிட்டு, இதுதான் குரல், தொடாதே என்றார். எண் அப்படியே கதைக்குள் போயிற்று.

தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. ஆள் அசையாவிட்டால் அணைந்துவிடுகிற விளக்கு. கையைத் தூக்கி ஆட்டினாள், எரிந்தது.

கைபேசி அதிர்ந்தது. அக்கா. மருத்துவமனையில் இன்று இரவுப் பணி, எட்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

"எங்கடி இருக்க?"

"கெளம்பிட்டேன்க்கா. பஸ்ல இருக்கேன்." வாய் தானாகச் சொன்னது.

"பஸ்ஸுல சத்தத்தையே காணோம்?"

"உக்கார எடம் கெடச்சுது. அதான்."

அக்கா சிரித்தாள், அதிசயந்தான் என்றாள். குட்டி தூங்கிவிட்டாள், எதிர்வீட்டில் யாரும் இல்லை, வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன், அரை மணியில் வந்துவிடுவாய்தானே என்று கேட்டாள். வந்துவிடுவேன் என்றாள். "அவ எந்திரிச்சா இருட்டுல பயந்துக்குவா. சொன்னது சொன்னபடி வா," என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

ஏழு ஆண்டுதானே. ஐந்து நிமிட வேலை. குழுவில் ஒரு விதி உண்டு. குரல் பூட்டப்பட்டுவிட்டால் குரல் சொல்வதே கணக்கு. எழுத்தை மாற்றலாம், கப்பலின் பாதையை மாற்றலாம், குரலைத் தொடக் கூடாது. கப்பலை ஒரு சிறு விண்மீனைச் சுற்றிவரச் செய்தாள். கப்பலுக்கு அரை நிமிடம், கல்லறைக்கு ஏழு ஆண்டு. சேமித்தாள். சரிபார்க்க மறுபடி ஒலியை ஓடவிட்டாள்.

"ஐநூத்தி அறுவத்தி மூணு."

மூக்குறிஞ்சல்.

ஒலிக்காரர் பையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். அலுவலகத்தில் அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர், இவளுக்குக் காலண்டர்.

"என்ன காலண்டர், இன்னும் தேதி கிழிக்கலையா?"

அந்தக் கோப்பை மாற்றினீர்களா என்று கேட்டாள். வியாழக்கிழமையே பூட்டியாயிற்று, அதைத் தொட்டால் கேப்டன் என்னை அந்தக் கல்லறையிலேயே வைத்து மூடிவிடுவார் என்றார். காதொலிப்பானை ஒரு காதுக்கு மட்டும் வாங்கிக் கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வற்றியது.

"இது யாரு? உன் குட்டி இல்லையே. பெரிய பொண்ணா இருக்கு."

"குட்டிதான்."

"பத்துப் பன்னெண்டு வயசுப் பொண்ணு கொரல் இது." காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒலியின் வேகம் மாறினால் அப்படிக் கேட்கும், காலையில் பார்க்கிறேன் என்றார். மின்தூக்கியின் கதவு மூடும்போது, வீட்டுக்குப் போ என்று கை காட்டினார்.

போயிருக்கலாம். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தும்விட்டாள். அப்போது கேப்டனிடமிருந்து செய்தி. எட்டு மணிக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்புகிறோம், கல்லறை முடிந்ததா? ஒரே ஒரு திருத்தம் என்று எழுதி அனுப்பினாள். உட்கார்ந்தாள். கப்பலுக்கு இன்னொரு சுற்று. கல்லறைக்கு நூற்று நாற்பத்து நான்கு ஆண்டு. சேமித்தாள்.

வேகம் மாறவில்லை என்பதைப் பார்த்தாள். கோப்பின் தேதி வியாழக்கிழமைதான். நீளம் மட்டும் வேறு. முன்பு நான்கு நொடி. இப்போது ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் வெறும் மூச்சு. பிறகு துணி உரசும் ஓசை, மரத்தில் நகம் படுவதுபோல ஏதோ. வெகுநேரம் கழித்து, வளர்ந்த ஒரு பெண்ணின் குரல். பேசிப் பேசித் தேய்ந்த குரல். அவசரமில்லாத குரல்.

"ஆயிரத்தி எரநூத்தி நாப்பது."

மூக்குறிஞ்சல்.

விளக்கு அணைந்தது. இந்த முறை அவள் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. திரை வெளிச்சத்தில் தன் விரல்கள் மட்டும் நீலமாகத் தெரிந்தன, அவை விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தன. மூன்று வாரத்துப் பழக்கம். பிழை என்றால் கை திருத்தும். கப்பலுக்கு ஒரு சுற்று. இன்னும் பெரிய சுற்று. சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கை சேமித்துவிட்டது.

இந்த முறை ஒலியைக் கேட்கவில்லை. காதிலிருந்ததைப் பிடுங்கி மேசையில் போட்டாள். அதன் பஞ்சுக்குள் ஒரு குரல் மிகச் சிறியதாக ஏதோ சொல்லத் தொடங்கியது. எண்ணைக் காதில் வாங்காமல் படிக்கட்டில் இறங்கினாள். ஆறு மாடி.

பேருந்தில் உட்கார இடம் இருந்தது. சத்தமும் இல்லை. சன்னலோரம் சாய்ந்து, இது தூக்கக் கேடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒலிக்காரரும் கேட்டாரே என்று மனம் சொன்னது. அவருக்கும் தூக்கம் கிடையாதே என்றாள். காலையில் ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள், இப்போது எட்டு என்று கணக்கு ஓடியது. பதினோரு மணி நேரம். அந்த எண்ணைத் தாண்டி மனம் போக மறுத்தது.

வீட்டில் குட்டிக்காக ஒரு பழைய கைபேசி உண்டு. அழைத்தாள். ஒருமுறை மணி அடிப்பதற்குள் எடுக்கப்பட்டது.

"குட்டி?"

மூச்சு. உலர்ந்த, நீண்ட மூச்சு.

"குட்டிம்மா, சித்தி வந்துட்டே இருக்கேன். பயப்படாத."

மூக்குறிஞ்சல். வைக்கப்பட்டது.

தெரு அப்படியேதான் இருந்தது. முனைக் கடைக்காரர் கதவை இறக்கிக்கொண்டிருந்தார், இன்னைக்கும் லேட்டா என்றார். அவர் முகத்தில் ஒரு நாள்கூடக் கூடியிருக்கவில்லை. அதே நாய். அதே மாடிப்படி விளக்கு. கப்பலில் வந்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒன்றுமே ஆகாததுபோல.

எதிர்வீட்டுப் பூட்டு பளபளவென்று தொங்கியது.

தங்கள் வீட்டுப் பூட்டு போன மாதம் அவளே வாங்கிப் போட்டது. கையில் எடுத்தாள். துரு உதிர்ந்தது. சாவித் துவாரம் அடைந்து கிடந்தது. கதவின் வர்ணம் செதில் செதிலாகக் கிளம்பி நின்றது, விரல் பட்டதும் பொடியாயிற்று. கீழிருந்த இடுக்கின் வழியே காற்று வந்து கால்விரல்களைத் தொட்டது. குளிர்ந்த காற்று. கல்லின் வாடை. எவ்வளவோ காலமாக யாரும் திறக்காத ஓர் இடத்தின் வாடை.

உள்ளே முணுமுணுப்பு.

சீரான முணுமுணுப்பு. ஒரு சொல், ஒரு மூச்சு. ஒரு சொல், ஒரு மூச்சு.

சாவியைத் திணித்தாள். திருகினாள். திரும்பவில்லை. மறுபடி திருகினாள். சாவி முறிந்தது.

அக்காவை அழைக்கலாம். என்ன சொல்வது? பேருந்தில் இருக்கிறேன் என்று சொன்னபோது பேருந்தில் இல்லை என்றா?

கீழே இறங்கி ஓடலாம். ஓடினால், தட்டாமல் போனால், உள்ளே எண்ணுவது நிற்காது. அதை எழுதியவள் அவள்தான். தட்டும் வரை எண்ண வேண்டும். தட்டும் வரை சாகவும் முடியாது.

கையைத் தூக்கினாள். இறக்கினாள்.

இன்னும் ஒரு சொல். இன்னும் ஒரு மூச்சு.

தூக்கினாள்.

தட்டினாள்.

முணுமுணுப்பு நின்றது.

மாடிப்படி விளக்கு அணைந்தது. ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே, தரையோடு தரையாக, ஏதோ நகர்ந்தது. மெல்ல. வெகு மெல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மரத்தில் ஒரு கன்னம் சாயும் ஓசை. அவள் இடுப்பளவு உயரத்தில். ஆறு வயதுக் குழந்தை நின்றால் எவ்வளவு உயரமோ, அவ்வளவில்.

மூக்குறிஞ்சல்.

மிக வயதான குரல் அது. பல்லில்லாத, ஈரமில்லாத குரல். அதில் கோபம் இல்லை. ஒரு பெருமைதான் இருந்தது.

"ஒம்பதாயிரத்தி நானூத்திப் பதினேழு," என்றது. "சரியா எண்ணினேனா, சித்தி?"