ஆளில்லாத மதகு

நாலரை மணிக்குப் பித்தானை அமுக்கினால் சரியாக நாலு நாற்பதுக்குத் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. பன்னிரண்டு நாளாக ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. கேம்பல் பே தீவுக்கரையில் நிலம் கொடுத்துக் குடியேற்றியிருந்த முன்னாள் ராணுவத்தார் எல்லோரும் அந்த ஒழுங்கைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார்கள். அவில்தார் பன்னீர்செல்வம் மட்டும் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே காட்டில் மதகைத் திறக்கிற குழந்தைவேலு ஒருநாளும் நேரத்துக்குத் திறந்தவனில்லை. கையிலிருக்கிற பீடியை இழுத்து முடித்த பிறகுதான் சக்கரத்தைத் தொடுவான். தண்ணீர் நாலே முக்காலுக்கு வரும், சில நாள் ஐந்துக்கு வரும்.

குழந்தைவேலு அங்கே இருப்பது பன்னீர்செல்வத்தையும் குழந்தைவேலுவின் பெண்டாட்டி செல்லத்தையும் தவிர யாருக்கும் தெரியாது. சர்க்காரைப் பொறுத்தவரை அது ஆளில்லாத மதகு. வயர்லெஸ் கொட்டகை வாசலில் அப்படித்தான் பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பன்னீர்செல்வத்தின் பொய்யை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர் அவர். ஏலத்தில் கழித்துவிட்ட இரண்டு பழைய வயர்லெஸ் பெட்டிகளை வைத்துக்கொண்டு, கீழே பித்தானை அமுக்கினால் ஒன்றரை மைல் தள்ளிக் காட்டோடையின் மதகில் சத்தம் கேட்டு, அந்தச் சத்தத்துக்கு ஒரு மோட்டார் கிளம்பிச் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தார். நீளமாக ஒரு சத்தம் வந்தால் திறக்கும், குட்டையாக இரண்டு வந்தால் மூடும். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் உப்புக்காற்றில் மோட்டார் கருகிவிட்டது. அடுத்த வாரம் போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரிகள் கப்பலில் வருகிறார்கள். ஒரே ஒரு நாள்தானே என்று குழந்தைவேலுவைப் புதருக்குள் உட்காரவைத்தார். அதிகாரி தன் கையால் பித்தானை அமுக்கினார், தண்ணீர் வந்தது, கை குலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேறு மோட்டார் வேண்டும் என்று எழுதினால் பழசு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதனால் அவர் எழுதவே இல்லை. அந்த ஒரு நாள் ஏழு மாதமாக நீண்டது.

ஆளும் தோதான ஆளாக வாய்த்திருந்தான். சிலோன் தோட்டத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டு, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து, அங்கே கங்காணியோடு தகராறு செய்துகொண்டு பெண்டாட்டியோடு இங்கே ஓடிவந்தவன். எந்தப் பதிவேட்டிலும் அவன் பேர் இல்லை. "யாரு வந்தாலும் கண்ணுல படாத. சத்தம் கேட்டா தெற, சத்தம் கேட்டா மூடு. வேற ஒண்ணும் நீ பண்ண வேணாம்," என்று பன்னீர்செல்வம் சொன்னதற்கு, "சரிங்கய்யா" என்று ஒற்றை வார்த்தை சொல்லித் தலையாட்டினான். சனிக்கிழமை தோறும் விடியுமுன் இறங்கி வந்து செல்லத்தைப் பார்த்துவிட்டு, அரிசியும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் எடுத்துக்கொண்டு போவான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு ஒரு மாலையில் காற்று அடித்தது. மழை அதிகமில்லை, காற்றுத்தான். காட்டில் பெரிய மரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கொட்டகை வரை கேட்டது. மறுநாள் பித்தானை அமுக்கிவிட்டு, தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தாவது நிமிஷம் தண்ணீர் வந்தது. தனியாக நின்று சிரித்தார். சனிக்கிழமை குழந்தைவேலு வரவில்லை. பாதையில் மரம் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பேட்டரி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. தண்ணீரோ நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"அவில்தார் சாப், ஆப்கா மிஷின் ஏக்தம் பக்கா," என்றார் பக்கத்து நிலத்துக் கர்தார் சிங், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. "ஆத்மி ஹோதா தோ லேட் கர்தா."

மிஷின் படு கச்சிதமாம், மனுஷனாக இருந்தால் தாமதிப்பானாம். பன்னீர்செல்வம் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஏறிப்போய்ப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் மரம் வெட்ட ஆள் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் மேலே எவன் இருக்கிறான் என்பார்கள். தண்ணீர் வருகிறதே, உயிரோடுதான் இருப்பான் என்று பன்னிரண்டு நாளும் அவர் தமக்குத் தாமே பூசி மெழுகிக்கொண்டிருந்தார்.

பதிமூன்றாம் நாள் மத்தியானம் செல்லம் வந்து வாசலில் நின்றாள்.

"ஐயா, மேல போயி பாத்தீங்களா?"

"தண்ணி வருதேம்மா. அவன் தொறக்காம எப்படி வரும்?"

"தண்ணி வருதுங்க. அவரு வரலயே." அவள் குரலை உயர்த்தவில்லை. "அரிசி தீந்து அஞ்சாறு நாளாகியிருக்கும். நான் சிங்கய்யாகிட்ட சொல்லி நாலு ஆளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"வேணாம்மா, நானே போறேன். கையோட கூட்டிக்கினு வரேன்," என்று அவசரமாக எழுந்தார். நாலு நாற்பதுக்குத் தண்ணீர் வராவிட்டால் கொட்டகைக்கு ஆள் வந்துவிடும் என்ற எண்ணம் அந்த நேரத்திலும் அவருக்கு வந்தது. அவளை உட்காரவைத்துப் பித்தானைக் காட்டினார்.

"நீளமா ஒரு தடவ, தெறக்க. சின்னதா ரெண்டு, மூட."

"இதுல பேச முடியாதுங்களா?"

"முடியாது. இங்கேருந்து சத்தம் மட்டும்தான் போவும். அங்கேருந்து ஒண்ணும் வராது."

"அமுக்கறது நான்தான்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

"எப்படித் தெரியும்?"

அவள் பித்தானைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நான் தெறந்து தெறந்து மூடறேன். ஐயா அப்பிடிச் செய்யமாட்டாரு, இது நம்ம செல்லம்தான்னு வெளங்கிக்குவாரு."

அவர் சரி என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையோடு கிளம்பினார். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

வாய்க்கால் கரையோடு நடந்து தாழம்புதர்களைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் போய்விட்டது. இந்தத் தீவில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், காட்டுக்குள் நாலு மணிக்கே மாலை வந்துவிடும். விழுந்த மரங்களின் மேல் ஏறியும் அடியில் தவழ்ந்தும் போனார். முறிந்த கிளைகளின் புளித்த பால் வாடையும், அழுகுகிற இலைகளின் சூடான ஆவியும், வேட்டி நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், காதைத் துளைக்கிற சிள்வண்டுகளின் இரைச்சலும் கூடவே வந்தன. ஓரிடத்தில் அந்த இரைச்சல் நின்றுபோனது. அதற்கு மேல் அவர் மூச்சும், பக்கத்தில் காய்ந்த வாய்க்காலில் நண்டுகள் ஓடுகிற சரசரப்பும்தான். நண்டுகள் எல்லாம் மேல்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

"குழந்தைவேலு," என்று கூப்பிட்டார். யார் வந்தாலும் கண்ணில் படாதே என்று சொன்னது தாம்தானே என்று ஞாபகம் வந்தது. "நான்தான்யா. பன்னீர்செல்வம்."

குடிசை இருந்த இடத்தில் ஒரு மரம் கிடந்தது. ஆள் உயரத்துக்கு அடிமரம். தகரக் கூரையில் பாதி அதற்கு அடியில் நசுங்கி, மீதி மண்ணோடு படிந்திருந்தது. வயர்லெஸ் பெட்டி மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே பிளந்து கிடந்தது. கண்ணாடிக் குழாய்கள் பொடிப்பொடியாகச் சிதறியிருந்தன. பேட்டரி வெடித்து, அதன் திராவகம் ஓடிய இடத்தில் புல் கருகியிருந்தது. இது இன்றைக்கு நேற்று உடைந்ததில்லை. இந்தப் பெட்டி பன்னிரண்டு நாளாக ஒரு சத்தத்தையும் வாங்கியிருக்க முடியாது.

மதகு மட்டும் நன்றாக இருந்தது. இரும்புச் சக்கரம் பளபளவென்றிருந்தது.

அப்புறம்தான் தரையைப் பார்த்தார். காற்றில் கொட்டிய இலை எங்கும் கணுக்கால் அளவு கிடந்தது. தகரத்தின் விளிம்பிலிருந்து சக்கரம் வரைக்கும் மட்டும் ஓர் இலை இல்லை. வயிற்றால் இழுத்து இழுத்துத் தேய்ந்த மாதிரி, மண்ணில் ஒரு முழ அகலத்துக்குப் பள்ளம் விழுந்து வழவழப்பாகியிருந்தது. போவதற்கும் வருவதற்கும் ஒரே தடம்.

திரும்பி ஓடியிருக்கலாம். ஆனால் கீழே செல்லத்திடம் என்ன சொல்வது? குனிந்து தகரத்தை ஒரு கையால் தூக்கினார்.

நண்டுகள் சிதறி ஓடின. குழந்தைவேலுதான். இடுப்புக்குக் கீழே எதுவும் சரியாக இல்லை. முகத்தில் நண்டுகள் விட்டுவைத்தது கொஞ்சம். செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியும். உள்ளங்கைகள் மட்டும் சுத்தமாக இருந்தன. சக்கரத்தின் துரு அவற்றில் சிவப்பாக ஏறியிருந்தது.

பன்னீர்செல்வம் அழுதார். பயத்தை முந்திக்கொண்டு வெட்கம் வந்தது. பொய் சொன்ன தம் வாயையே அடித்துக்கொண்டார். உன்னைக் கொன்றது நான், பேர்கூட இல்லாமல் கொன்றேன் என்று சொல்ல நினைத்தார்.

சத்தம் கேட்டது.

நீளமாக ஒன்று. அதே சுருதி. அவர் கையால் செய்து வைத்த சத்தம்.

பெட்டியைப் பார்த்தார். பெட்டி செத்துக் கிடந்தது. சத்தம் தகரத்துக்கு அடியிலிருந்து வந்தது. தொண்டையிலிருந்து.

கையிலிருந்த தகரம் நழுவி விழுந்தது. பிறகு தானாக உயர்ந்தது.

அது அவரைப் பார்க்கவில்லை. முழங்கையை ஊன்றியது. இழுத்தது. ஊன்றியது. இழுத்தது. தடத்தை விட்டு ஓர் அங்குலம் விலகவில்லை. சக்கரத்தைப் பிடித்து எழும்பி, முழுப் பாரத்தையும் போட்டுச் சுற்றியது. மதகு திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. வேலை முடிந்ததும் திரும்பி வந்து தகரத்துக்குள் படுத்துக்கொண்டது.

அவர் மரத்தில் சாய்ந்து நின்றார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கீழே தொட்டியில் தண்ணீர் விழுந்திருக்கும். செல்லம் அதைப் பார்த்திருப்பாள்.

குட்டையாக இரண்டு.

முழங்கை. இழுப்பு. முழங்கை. சக்கரம். மூடியது. திரும்பியது.

அவருக்குப் புரிந்தது. கீழே ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறாள். இத்தனை நாளுக்கு அப்புறம் புருஷனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் கூப்பிடுகிறாள், அவன் பதில் சொல்கிறான். நிறுத்து என்று சொல்ல இங்கிருந்து வழியில்லை. அப்படித்தான் அவர் அந்தப் பெட்டியைச் செய்திருந்தார்.

நீளமாக ஒன்று.

இந்த முறை ஒரு வேரில் சிக்கியது. இழுத்ததில் ஏதோ அங்கேயே தங்கிவிட்டது. அது நிற்கவில்லை. போய்த் திறந்தது.

குட்டையாக இரண்டு.

இருட்டிவிட்டது. அவரால் தாங்க முடியவில்லை. "வேணாம்யா, நீ இரு. நான் பண்றேன், நீ இரு," என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். இரும்பு வழவழவென்று ஈரமாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் அந்தச் சக்கரத்தைத் தொட்டார்.

பின்னால் இழுக்கிற சத்தம் நிற்கவில்லை. வந்தது. காலைப் பிடித்து, வேட்டியைப் பிடித்து, அவர் மேலேயே ஏறி நின்றது. அவருடைய கையை அது தள்ளவில்லை. பக்கத்தில் இருந்த இடத்தில் தன் கைகளை வைத்துக்கொண்டது. நாலு கையும் சேர்ந்து மதகை மூடின. மூடிய பிறகு அவர் விரல்களை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

பத்து நிமிஷம் போயிற்று. அவர் கழுத்தோரம், காதுக்குப் பக்கத்தில், அந்த வாய் மெல்லத் திறந்தது.

நீளமாக ஒன்று.