காய்ச்சல் விட்ட சாயங்காலம்

ஒற்றியெடுத்த துணி சூடேறவில்லை. செந்தாமரைக்கு முதலில் தட்டுப்பட்டது அதுதான். நேற்று வரை கணவர் சேவுகப்பெருமாளின் காலில் ஈரத்துணியை வைத்தால், அடுப்பில் காட்டியதுபோல அது கொதித்துப்போகும். இன்று, காரைக்குடியின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில், பினாயில் நெடியும் யாரோ பிரித்த பொட்டலத்தின் சாம்பார் வாசனையும் கலந்து சுற்றிய வார்டில், துணி வைத்த மாதிரியே சில்லென்று திரும்பி வந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவர் தச்சர். கதவு செதுக்கும்போது உளி பாதத்தில் இறங்கிப் புண் சீழ் பிடித்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சல் ஏறிய வேகத்தில் வேட்டியை உருவி எறிந்தார். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கத்தினார். அவள் தங்கச்சி பெயரைச் சொல்லியும் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அழகி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

செந்தாமரை அவர் வாயைப் பொத்தினாள். "கத்தாதீக... மானம் போகுது. அடங்குங்களேன்" என்று காதுக்குள் கெஞ்சினாள். என்ன ஆனாலும் சரி, இந்தச் சத்தம் நின்றால் போதும் என்று அப்போது நினைத்தாள்.

நின்றுவிட்டது.

"பாத்தீகளாக்கா, அண்ணன் எம்புட்டு சாந்தமாயிட்டாக!" என்றாள் அழகி.

டாக்டர் ராஜப்ரியா வந்து கட்டைப் பிரித்தார். சீழ் இல்லை. சிவப்பு இல்லை. புண்ணின் ஓரம் வெளுத்துக் கிடந்தது. கையில் ஊசி குத்திய இடங்களில் ஒன்றுகூட மூடவில்லை. ஆணி பிடுங்கிய பலகை மாதிரி அப்படியே திறந்திருந்தன. டாக்டரின் முகம் மாறியது. செந்தாமரையை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"சுகமாயிருச்சுல்ல டாக்டர்?"

"இல்லம்மா. காய்ச்சல், வீக்கம் எல்லாம் உடம்பு கிருமியோட போடுற சண்டை. சண்டை மீறுனா அதுவே உடம்பை எரிச்சிரும். அதனால 'போதும், அடங்கு'ன்னு உடம்பே தன்னோட அணுக்களுக்கு சிக்னல் அனுப்பும். நல்லதுக்குத்தான். இவருக்கு அது அளவு மீறிப்போச்சு. எல்லாம் அடங்கிருச்சு. கிருமி மட்டும் அடங்கல."

செந்தாமரை, கணவர் வாயைப் பொத்திய தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "யாராச்சும் அடங்கச் சொன்னா... அடங்கிருமா டாக்டர்?"

"என்ன கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"மதுரைக்குக் கொண்டுபோகணும். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. அதுவரை பக்கத்துலயே இருங்க."

உள்ளே வந்தாள். மழை விட்டிருந்தது. ஒரு கட்டிலில் இருமல், இன்னொன்றில் முனகல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. நோயாளிகள் நோயாளிகளாக இருந்தார்கள். அவருடைய கட்டிலில் மட்டும் சத்தமில்லை. நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்த தரை மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தார். "தண்ணி."

டம்ளரைச் சாய்த்தாள். வாயைத் திறந்தார்.

வெள்ளை.

நாக்கு முழுக்க. மேலண்ணத்தில். தொண்டைக்குள், வெளிச்சம் எட்டிய மட்டும். ஊறவைத்து மறந்துபோன சோற்றில் பூக்குமே, அந்தப் பூஞ்சை. அவருக்குள். உயிரோடு இருப்பவருக்குள்.

டம்ளரைக் கீழே வைத்தாள். பஞ்சை எடுத்தாள். துடைத்தாள். ஏடாக உரிந்து வந்தது. அடியில் பச்சை ரணம். ரத்தம் கசிந்தது.

"வலிக்குதாங்க?"

"இல்லையே." குரலில் அத்தனை நிதானம். "நல்லாத்தான் இருக்கேன் செந்தாமரை. வீட்டுக்குப் போவோமா?"

சிரித்தார். பல்லிடுக்கெல்லாம் ரத்தம். உரிந்த இடத்தைச் சுற்றி வெள்ளை. சிரித்துக்கொண்டே இருந்தார்.