வலது கோடியில் நின்றவர்

பொத்தான் சார் அழைப்பு மணியை அழுத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. அருங்காட்சியகத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. பழைய பட்டாளத்துப் படம் எது வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். சட்டைப் பொத்தானைப் பார்ப்பார், கைப்பட்டையைப் பார்ப்பார். "பொண்ணு பார்க்கப் போனப்பவும் பொத்தானைத்தான் பார்த்திருப்பாரு, அதான் கல்யாணமே ஆகலை" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

கதவைத் திறந்தது ஓய்வுபெற்ற டீச்சர். அத்தனை பெரிய வீட்டில் தனிக்கட்டை. ஆனாலும் உள்ளே பூட்ஸ் பாலிஷ் வாசனை அடித்தது.

"கண்ணு மங்கிக்கிட்டே வருது சார். இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அதுக்குள்ள எங்கப்பாவை ஒருதரம் ஆசை தீரப் பார்த்துடணும். அவர்தான்னு நீங்க உறுதியாச் சொல்லணும்."

கூடத்துச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. செங்கல் சுவருக்கு முன்னால் ஒரே வரிசையில் சிப்பாய்கள். டீச்சர் வலது கோடியில் இருந்தவரைத் தொட்டுக் காட்டினார். ஒட்டிய கன்னம், யாரையும் எதிர்பார்க்காத கண்கள்.

"நான் பிறக்குறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு. என்னைப் பெத்ததோட அம்மாவும் போயிட்டா. படம் அப்புறம்தான் தபால்ல வந்துச்சு. வளர்த்த பெரியம்மா அவரைக் கண்ணால பார்த்ததில்லை. 'வலது கோடியில நான் நிக்கிறேன்'னு லீவுல வந்தப்ப அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அம்மா அதைப் பெரியம்மாகிட்ட சொல்லிவச்சிருந்தா. அதை வச்சுத்தான் இவர்னு தெரியும். தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் இவர்கிட்டதான் எல்லாம் சொல்லுவேன்."

மாடியில் யாரோ நடந்தார்கள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அவர்தான். பயப்படாதீங்க."

பொத்தான் சார் மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தார். எலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, செல்போனில் படத்தை எடுத்துப் பெரிதாக்கினார்.

"அப்பாவுக்கு என்ன வேலை டீச்சர்?"

"கொடி காட்டிச் சேதி அனுப்புற வேலை."

அப்படியென்றால் சட்டைக் கையில் குறுக்காக இரண்டு கொடிகள் தைத்திருக்க வேண்டும். வலது கோடிக்காரரின் கை வெறுமையாக இருந்தது. இடது கோடிக்கு நகர்த்தினார். அங்கே கொடிகள் இருந்தன. மேலே முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞன். டீச்சரின் தாடையில் இருக்கும் அதே குழி அவனுக்கும் இருந்தது.

"பட்டாளத்துக்காரர் வலதுன்னா அவரோட வலது கைப்பக்கம் டீச்சர். நாம எதிர்ல நின்னு பார்க்கிறோம். உங்கப்பா இந்தப் பக்கம்."

மாடியில் நடை நின்றது.

டீச்சர் வலது கோடிக்காரர் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தனை வருஷமா நான் அப்பான்னு கூப்பிட்டது யாரை?"

"தெரியலை. அடையாளம் தெரியாதவர்னுதான் நாங்க எழுதுவோம்."

சொன்ன வாயை மூடவில்லை. பூட்ஸ் ஒலி மாடிப்படியில் இறங்கி வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக.

படியில் யாருமில்லை.

பாலிஷ் வாசனை மூச்சை முட்டியது. டீச்சருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. படத்தைக் கழற்றி மடியில் வைத்து, பூதக்கண்ணாடியை இடது கோடிக்குக் கொண்டுபோனார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"என்ன சார், என்னைக் குழப்பிட்டீங்க. இவரேதானே? இவர்கிட்டதானே நான் பேசிக்கிட்டிருந்தேன்."

பொத்தான் சார் குனிந்து பார்த்தார்.

இடது கோடியில் ஒட்டிய கன்னத்துக்காரர் நின்றார். கையில் குறுக்குக் கொடிகள், நேற்றுத் தைத்தது மாதிரி. வலது கோடியில் ஆளே இல்லை. செங்கல் சுவர் மட்டும்.

செல்போனை எடுத்தார். அதிலும் அப்படியே. குழி விழுந்த தாடையுள்ள அந்த முகம் எங்குமே இல்லை. மகள் தன் பக்கம் ஒருமுறை திரும்பமாட்டாளா என்று அவள் ஆயுள் முழுக்க நின்றவன். அவள் திரும்பிய நேரத்தில் அவன் இடம் பறிபோயிருந்தது. பறித்தவரையும் பொத்தான் சாரால் வெறுக்க முடியவில்லை. அவரை அப்பா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

"இவர்தானே சார்? சொல்லுங்க."

கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஆமா டீச்சர். இவர்தான்."

டீச்சர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் கண்ணீர் சொட்டியது.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, புது இடத்துக்கு வந்தவர் தயங்கித் தட்டுவது போல. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பொத்தான் சார் எழுந்தார். அவர் தோளை ஒரு கை அழுத்தி உட்கார வைத்தது.

மறுபடியும் தட்டல்.

"விடுங்க சார், காத்தா இருக்கும்" என்றார் டீச்சர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னைத் தேடி வர்றதுக்கு வெளியில யாரு இருக்கா?"