கொம்பையாவின் நீல ரயில்

நிறுத்திய ரயில் நிறுத்திய இடத்தில் இல்லை.

பீர் மைதீன் மாடியறைக் கதவைத் திறந்தபடியே நின்றார். நேற்று ஸ்டேஷன் பிளாட்பாரத்தை ஒட்டி அதை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கியவர் அவர்தான். இப்போது அந்த நீல ரயில் மேசையின் மறுகோடியில், மலைச் சுரங்கத்துக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றது. தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். பெயிண்ட் வாசனையையும், தண்டவாளம் துடைக்கிற ஸ்பிரிட் வாசனையையும் மீறிக்கொண்டு, புதுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் சேற்று வாசனை மூக்கில் ஏறியது.

தளத்தில் எங்கோ ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஐப்பசி மழை, ஒழுகத்தான் செய்யும்.

திருநெல்வேலி டவுணில் துணிக்கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழுகிற மனிதர், ஜப்பான் பொம்மை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இப்படிப் பைத்தியமாக அலைவார் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் நிஜ வண்டியில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. மேசை மேலேயே ஊர், மலை, லெவல் கிராசிங். தண்டவாளம் சுண்டுவிரல் அகலம். துபாயிலிருந்து வருகிறவர்களிடம் மற்றவர்கள் சென்ட் பாட்டில் கேட்பார்கள். இவர் டாக்ஸியும் குப்பை லாரியும் கேட்பார். "பேரன் எடுக்கிற வயசுல சொப்பு வச்சு வெளையாடுதீய" என்று மனைவி ஷம்ஸியா கேலி செய்வாள்.

இந்தக் கிறுக்கைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் ஆழ்வார்குறிச்சி கொம்பையா. அந்த நீல ரயிலும் கொம்பையாவுடையதுதான். ஜப்பானில் ஓடி ஓய்ந்துபோன படுக்கை ரயில் அது. அதன் மாதிரியை இப்போது யாரும் செய்வதில்லை. இரண்டு பேரும் வருஷக்கணக்காக வலைவீசித் தேடினார்கள். கொம்பையாவுக்குக் கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே அவன் செத்தும் போனான்.

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்.

கொம்பையாவின் மனைவி செல்லக்கிளி, நனைந்த குடையோடு நின்றாள். ஷம்ஸியா கடையநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் உள்ளே வர மாட்டேனென்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணாச்சி, அவுக அன்னைக்கு வாங்கிட்டு வந்த ரயிலு, ஒங்ககிட்ட எதும் இருக்கா?"

"எங்கிட்ட எப்படிம்மா இருக்கும்? வாய்க்கா தண்ணியோட போயிருக்கும்."

"அது வாரதுக்கு எம்புட்டு நாளு காத்துக் கெடந்தாவ! போட்டோவுக்கு முன்னால வைக்கலாம்னுதான் கேக்கேன். வேற ஒண்ணுமில்ல."

"அல்லா மேல ஆணையா, நான் கண்ணால கூடப் பாக்கலம்மா."

சொல்லி வாய் மூடவில்லை. மாடியில் டக் டக்கென்று, மெல்லிய சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைக் கடக்கும் சத்தம் ஆரம்பித்தது.

செல்லக்கிளி அண்ணாந்து பார்த்தாள். "மேல என்னமோ ஓடுது அண்ணாச்சி."

"எலித் தொல்லைம்மா."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடையை விரித்து மழைக்குள் இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை கூப்பிட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. கூப்பிட மனசு வரவில்லை. கதவைச் சாத்தித் திரும்பியபோதுதான் கூடத்து மின்விசிறி நின்றிருப்பதைக் கவனித்தார். கரண்டு இல்லை.

மாடிப்படியில் ஏற ஏற சேற்று வாசனை கனத்தது.

மேகம் மூடிய அறையில் அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். கிராசிங்கில் வரிசையாக நிறுத்தியிருந்த பஸ்ஸும் லாரியும் டாக்ஸியும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றன. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஒரு பெட்டி குறைந்திருந்தது. மறுபடி நுழைந்தது, வந்தது. இன்னொன்றும் இல்லை.

எது வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஆனி மாசம், வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம். அம்பாசமுத்திரத்தில் பார்சலை வாங்கிக்கொண்டு கொம்பையா ஸ்கூட்டரில் முன்னால் போனான்; இவர் காரில் பின்னால் போனார். மாடு குறுக்கே வந்தது. ஸ்கூட்டர் கொம்பையாவின் காலை அமுக்கிக்கொண்டு வாய்க்காலில் கவிழ, பார்சல் மட்டும் கரையில் விழுந்தது. "லே மைதீனு, கையக் குடுலே!" பீர் மைதீன் இறங்கி ஓடத்தான் செய்தார். அப்போது தூறல் போட்டது. அட்டைப்பெட்டி நனையுமே என்று முதலில் அதை எடுத்துக் காருக்குள் வைத்தார். வைத்தவர், விழுந்த வேகத்தில் உடைந்திருக்குமோ என்று பிரித்தும் பார்த்தார். ஒவ்வொரு ரயில் பெட்டியாக எடுத்து, சக்கரம் வளைந்திருக்கிறதா, ஜன்னல் கீறியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒரு சேதமில்லை. தலையை நிமிர்த்தியபோது தண்ணீருக்கு மேலே கை இல்லை. மழைக்காக மட்டும் அவர் நேரம் கடத்தவில்லை. அது அவருக்கே தெரியும்.

கடைசிப் பெட்டியும் சுரங்கத்துக்குள் போனது. வரவில்லை. சத்தம் நின்றது.

மலையை அவர்தான் செய்தார், கம்பிவலையும் பிளாஸ்டர் மாவும் வைத்து. தடம் புரண்ட பெட்டியை எடுக்கத் தோதாக அதன் பின்பக்கம் திறந்தே இருக்கும். சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தார். வெறும் தண்டவாளம். முன்பக்கம் வந்து பார்த்தார். சுரங்க வாய்க்குள், வெகுதூரத்தில், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

புத்தியுள்ளவன் அந்த நிமிஷமே ஓடியிருப்பான். பீர் மைதீன் கையை உள்ளே விட்டார். அவ்வளவு தேடிக் கிடைத்த பொருளாயிற்றே!

விரல் நுனியில் தகரம் மாதிரிச் சில்லென்று ஏதோ பட்டது. பிறகு தண்ணீர். பிறகு விரல்கள்.

ஊறிச் சுருங்கிய விரல்கள். முழு ஆளின் விரல்கள்.

பிடித்தன.

இழுத்தார். வரவில்லை. எட்டி மலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே அவர் விரல்கள் இல்லை.

"எடுத்துக்கோலே! ஒன் ரயில நீயே எடுத்துக்கோ! செல்லக்கிளிகிட்ட நானே குடுத்துருதேன்!"

சுரங்கம் பழுப்புத் தண்ணீரைக் கக்கியது. தண்ணீரோடு நீலப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து, மேசை விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்து நொறுங்கின. பிடித்திருந்த கைக்கு ரயில் தேவையில்லை.

மணிக்கட்டு உள்ளே போனது. சுரங்க வாய் மூன்று விரல் அகலம். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அலறினார். மழைச் சத்தத்தில் தெருவுக்குக் கேட்டிருக்காது. முழங்கை போனது. மலையில் ஒரு கீறல் இல்லை. தோள் போய் முட்டியது. கன்னம் பச்சைப் பெயிண்டில் அழுந்தியது. அந்தச் சின்ன வாய்க்கு வெளியே இன்னும் மிச்சமிருந்த பீர் மைதீனை, உள்ளே இருந்த கை, அவசரமே இல்லாமல், இழுத்துக்கொண்டிருந்தது.