ஊர் கை ஓய்ந்த நேரம்

சுவர்த்திரையில் ரெனிஷாவின் நிழலுடல் நாலாயிரமாவது முறையாகச் செத்தது. இரண்டாம் மாடியில் உண்மையான ரெனிஷா, ஒன்பது வயது, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்த மருத்துவமனையில் சுடர்க்கொடி கணிவலைப் பொறியாளர். நோயாளியின் ரத்தம், மரபணு, இதயத்துடிப்பு எல்லாவற்றையும் வைத்துக் கணினிக்குள் அவரைப் போலவே ஒரு நிழலுடலை எழுப்பி, ஆயிரக்கணக்கான மருந்துகளை ஒரே சமயத்தில் அதற்குக் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. அந்தக் கணக்குக்கு ஒரு கணினி போதாது. ஊரில் சும்மா கிடக்கும் கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் பேருந்துத் திரைகளும் அதை ஆளுக்கொரு துண்டாய்ப் பிரித்துக்கொண்டு போட்டன. சொந்தக்காரர் தொட்டதும் கருவி கணக்கை விட்டுவிடும். அதுதான் சட்டம்.

"இன்னும் பதினோரு மணி நேரம் ஆகும் டாக்டர்."

"அஞ்சு மணி நேரம் தாங்கினாலே பெரிசு," என்றார் மருத்துவர் இம்மானுவேல். புதுவகைக் கிருமி, இதயத் தசையை அரித்துக்கொண்டிருந்தது.

சுடர்க்கொடி அதுவரை யாரும் செய்யாததைச் செய்தாள். தாயின் சம்மதத்தோடு குழந்தையின் படத்தை ஊரிலிருந்த எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பினாள். 'இவளுக்காக மதியம் வரை உங்கள் கருவியைத் தொடாதீர்கள்.'

பத்தே நிமிடத்தில் ஊர் கை ஓய்ந்தது. கடைகளில் வியாபாரம் காகிதத்துக்கு மாறியது. பேருந்துகளில் ஆட்கள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி போனார்கள். மூன்றே முக்கால் மணி நேரத்தில் விடை வந்தது: வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் பழைய மருந்து. அன்று மாலை ரெனிஷா கண் விழித்து ஐஸ் கேட்டாள்.

எட்டாம் நாள் காலை அதே கிருமியோடு சங்கரபாண்டி வந்தார். வயது அறுபத்தொன்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ரெனிஷாவைக் காப்பாற்றிய மருந்து அவருடைய நிழலுடலைக் கொன்றது. அவருக்கென்று புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

"இவுக படத்தையும் போடுங்க தாயி," என்றாள் அவர் மனைவி வேலம்மாள்.

சுடர்க்கொடி போட்டாள். ஊர் ஓயவில்லை. பதினோரு மணிக்கு ஆறில் ஒரு பங்கு கருவிகள்தான் கணக்குக்கு வந்திருந்தன. வழக்கமான நாளைவிடக் குறைவு. மறுபடியும் அனுப்பினாள். இன்னும் குறைந்தது.

வேலம்மாள் திரைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கணக்கு எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும், ஏற மறுக்கும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அது அறுபத்திநான்கைத் தொட்டபோது, வாசலில் இம்மானுவேல் வந்து நின்றார். இல்லையென்று தலையாட்டினார். வேலம்மாள் புரிந்துகொண்டாள்.

எழுந்திருக்காமலே கேட்டாள்:

"ஊர்ல எல்லாருக்கும் இன்னைக்கு வேலை சாஸ்தியா தாயி?"

கருவிகள் எதில் மூழ்கியிருந்தன என்று சுடர்க்கொடியின் மேசைத்திரை காட்டிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் ரெனிஷா வீடு திரும்பியிருந்தாள். அவள் கழுத்தில் மாலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கும் காணொளியை ஊரே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தது.

சுடர்க்கொடி திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"ஆமாம்மா," என்றாள். "எல்லாருக்கும் வேலை."