அவள் சிரித்த மொழி

ஸ்பெயினின் பாஸ்க் மலைநாட்டில், இத்துர்பே ஊரின் பழைய கசாப்புக் கூடத்திலிருந்து மதியம் மூன்று மணிக்கு ஓர் அலறல் கேட்டது. முன்பெல்லாம் அங்கே கேட்ட அலறல்களுக்குப் பன்றிகள் பொறுப்பு. இதற்கு மட்டும் பாடகன் லாந்தேர்.

"பாட்டு பதிஞ்ச நாடா போச்சுடா! பெட்டி காலி!"

கூடத்தை ஊர் இளவட்டங்கள் பிடித்து, சுவரெல்லாம் முழக்கம் எழுதி, ஒத்திகைக் கூடமாக்கி இரண்டு வருஷமாகிறது. அங்கே வாசிப்பது 'ஒஸ்பின்' குழு. பாஸ்க் மொழியில் ஒஸ்பின் என்றால் காடி. இவர்கள் வாசித்தால் மலைமேல் ஆட்டுப்பால் திரிந்துபோகிறது என்று இடையர்கள் புகார் கொடுத்தார்கள். கால்நடை மருத்துவர் செபேரோ நேரில் ஏறிப் போய்ச் சோதித்து, பால் திரியவில்லை, மடிக்குள்ளேயே பாலாடைக்கட்டியாகிவிட்டது, இடையர்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த செபேரோவைத்தான் இப்போது கூப்பிட்டார்கள். திருட்டுப்போன எருதை அதன் இருமல் சத்தத்தை வைத்தே மூன்று மலை தாண்டிக் கண்டுபிடித்தவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். உண்மையில் இரண்டு மலைதான்.

"போலீஸ்தான் டாக்டர்! சந்தேகமே வேணாம்!" என்றான் லாந்தேர்.

"போலீஸா இருந்தா கதவையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருப்பான்," என்றார் செபேரோ. "நாடாவுல என்ன இருக்கு?"

"பத்துப் பாட்டு. பத்தும் நம்ம பாஸ்க் மொழி. எங்கப்பா பள்ளிக்கூடத்துல பேசி அறை வாங்கின மொழி டாக்டர். அதை நாங்க எலெக்ட்ரிக் கிடார்ல போட்டிருக்கோம். ஆறு மணி பஸ்ஸுல தொனோஸ்தியா பட்டணத்துக்குப் போகணும். இன்னிக்கு நாடா வரலைன்னா இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் எங்க இடத்தை கிகேவோட குழுவுக்குக் குடுத்துடுவான்."

கிகே ஸ்பானிஷில் மட்டும் பாடுகிறவன். ஊர்த் திருவிழா பார்க்க வந்து இரண்டு நாளாக இங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தான்.

செபேரோ கதவைப் பார்த்தார். இரும்புக் கதவு. பூட்டில் கீறல் இல்லை. சாவி மூன்று: லாந்தேரிடம் ஒன்று, பேஸ் கிடார் வாசிக்கும் ரெமேயிடம் ஒன்று, டிரம்ஸ் வாசிக்கும் கொல்தோவிடம் ஒன்று. மேலே ஒரு காற்றுத் துவாரம்; மெலிந்த பூனையாக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். உள்சுவரில் பெரிய சிவப்பு எழுத்து: இங்கே ஸ்பானிஷ் பேசுகிறவர் எல்லாக் கிளாஸையும் கழுவ வேண்டும்.

கொல்தோ டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். "லாந்தேர், அந்த ஒயரை அவளை நகத்தச் சொல்லு."

ரெமே திரும்பவில்லை. "லாந்தேர், அவனுக்குக் கை இருக்கான்னு கேளு."

"ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார் செபேரோ.

"குழு ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படித்தான். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது," என்றான் லாந்தேர். நாடாவைப் பறிகொடுத்த நேரத்திலும் அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ரெமே அவன் காதலி. அவளைப் பார்த்து ஆட்டுக்கிடா கனைத்தால்கூட அவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

கூடத்துக்குப் பின்னால் மதலேனின் மதுக்கடை. காற்றுத் துவாரம் அவள் கொல்லையைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. செபேரோ அங்கே போனார். போக ஒரு சாக்குக் கிடைத்தால் அவர் விட்டதில்லை.

உள்ளே ரொட்டிக்காரன் புளோரென்சியோ மேடைமேல் முழங்கையை ஊன்றிப் பாஸ்க்கில் ஏதோ சொல்ல, மதலேன் பாஸ்க்கிலேயே பதில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். செபேரோ ரொட்டிக்காரன் பக்கத்தில் தன் முழங்கையை இன்னும் அகலமாக ஊன்றினார்.

"வாங்க டாக்டரே," என்றாள் அவள், ஸ்பானிஷில்.

இருவருக்கும் தாய்மொழி பாஸ்க்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் ஒரு ரயில் நிலையத்தில் முதல்முதலாகப் பேசிக்கொண்டபோது பக்கத்தில், பாஸ்க் பேசினால் பிடித்துப்போகிற சிப்பாய் ஒருவன் நின்றான். அதனால் ஸ்பானிஷில் பேசினார்கள். சிப்பாய் போய்விட்டான். ஸ்பானிஷ் போகவில்லை. இடையில் இருவருக்கும் கல்யாணமாகி, இருவரும் துணையை இழந்து, இன்றைக்கும் அவளிடம் வாயைத் திறந்தால் அவருக்கு ஸ்பானிஷ்தான் வருகிறது. ரொட்டிக்காரனோ அவளோடு தாய்மொழியில் கொஞ்சுகிறான்.

"மத்தியானம் கூடத்துல ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"ரெண்டு மணி இருக்கும். ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. ஸ்பானிஷ்ல பேசிக்கிட்டாங்க."

"அந்தக் கூடத்துலயா?"

"ஆமா. முதல்ல சிரிப்பு. அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல என் கிளாஸெல்லாம் கூடச் சேர்ந்து சிரிச்சுது. அப்புறம் சண்டை. அவ படார்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டா."

"யார் குரல்?"

"அந்தத் துவாரம் வழியா வந்தா பிஷப் குரல்கூடப் பன்னிக் குரல்தான் டாக்டரே."

செபேரோ திரும்பி வந்து இதைச் சொன்னதும் லாந்தேர் கிடாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். "கிகே! ஸ்பானிஷ் பேசற ஆம்பள வேற எவன் இருக்கான் இங்க? அவன் மண்டையை…"

"நில்லுடா. ஒன்றரை மணிலேருந்து மூணு மணி வரைக்கும் கிகே என் மேஜைமேல குப்புறப் படுத்திருந்தான். திருவிழாக் கழுதை அவன் பின்பக்கத்தைக் கடிச்சிருச்சு. தையல் போட்டவன் நான். ஊசி குத்தினப்ப அவன் பிடிச்ச சுருதியை எந்தத் தட்டுலயும் பதிய முடியாது."

மணி ஐந்தரை. செபேரோ ஒரு காலிப் பீப்பாய்மேல் உட்கார்ந்தார்.

"ரெமே, நீ பாஸ்க் எங்க கத்துக்கிட்டே? உங்க வீட்ல தெற்கேருந்து வந்த ஸ்பானிஷ்காரங்க இல்ல?"

"மாலை வகுப்புல டாக்டர். லாந்தேர்தான் வாத்தியார். அங்கதான் பழக்கம்."

"அதுக்கு முன்னாடி?"

"தொழிற்பயிற்சிப் பள்ளி. லேத்துப் பட்டறை."

"கொல்தோ, நீ?"

"நானும் அங்கதான். லேத்து."

"பாடமெல்லாம் எந்த மொழி?"

"ஸ்பானிஷ்தான். அப்ப வேற எது இருந்துது?"

"சரி. ஒரு தடவை வாசி பார்ப்போம்."

கொல்தோ சின்ன டிரம்களை அடித்தான், டப்பென்று கேட்டன. காலால் அடிக்கும் பெரிய டிரம்மை மிதித்தான். பொத்தென்றது. செபேரோ எழுந்து போய் மண்டியிட்டு, அதன் தோலில் காதை வைத்து, விரலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். உப்புசம் கண்ட பசுவின் வயிற்றை அவர் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்.

"டாக்டர், அது டிரம்மு," என்றான் லாந்தேர்.

"சினையா இருக்கு," என்றார் செபேரோ.

பின்பக்கத் தோலைக் கழற்றினார்கள். எப்போதும் உள்ளே கிடக்கும் பழைய தலையணைக்கும் மரத்துக்கும் நடுவே நாடாச் சுருள் பத்திரமாக இருந்தது.

கொல்தோ குச்சிகளைக் கீழே வைத்தான்.

"எடுத்தது கொல்தோ," என்றார் செபேரோ. "பூட்டு உடையலை, அதனால சாவி வச்சிருக்கிற ஆளு. அதுவரைக்கும் யாரும் சொல்லிடலாம். ஸ்பானிஷ்னு கேட்டதும் நீங்க எல்லாரும் வெளியாளைத் தேடினீங்க. நான் உள்ளாளைத் தேடினேன். நம்ம ஊர்ல ரெண்டு பேரு முதல்ல எந்த மொழில வாயைத் திறந்தாங்களோ, சாகற வரைக்கும் அதுலதான் பேசுவாங்க. நடுவுல எத்தனை மொழி கத்துக்கிட்டாலும் மாறாது. மாத்தினா சொந்த ஆளுகிட்ட மீசை ஒட்டிக்கிட்டுப் பேசற மாதிரி கூசும். லாந்தேர், ரெமேயை நீ பார்த்தது பாஸ்க் வகுப்புல. கொல்தோ பார்த்தது லேத்துப் பட்டறையில."

"ஆனா இவங்க பேசிக்கவே மாட்டாங்களே!"

"உன் எதிர்ல எப்படிப் பேசுவாங்க? ஸ்பானிஷ்ல பேசினா கிளாஸ் கழுவணும். பாஸ்க்ல பேச வாய் வராது. அதான் எல்லாத்தையும் உன் வழியா அனுப்பினாங்க."

ரெமே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் எடுத்தது சத்தியமா எனக்குத் தெரியாது. லாந்தேர்கிட்ட சொல்லி, என் பேரு வர்ற பாட்டை மட்டும் எடுக்க வைன்னு கேட்டான். முடியாதுன்னு சண்டை போட்டுட்டுப் போயிட்டேன்."

"ஆமா, எடுத்தேன்," என்றான் கொல்தோ ரெமேயிடம் நேராக, ஸ்பானிஷில். "லாந்தேர் உன் பேரைச் சொல்லிப் பாடறான். அந்தக் காதலுக்குத் தாளம் போடறது நான். இங்க நாலு சுவத்துக்குள்ள தாங்கிக்கிட்டேன். தட்டுல வந்தா ஊரு ஊரா எல்லாரும் அதையே பாடுவாங்க. நான் எங்க போய்க் காதைப் பொத்திக்கிறது?"

லாந்தேர் அடிக்கப் போவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனோ கொல்தோவைப் பார்க்கவே இல்லை.

"சிரிச்சியாமே," என்றான் ரெமேயிடம். "கிளாஸெல்லாம் சிரிக்கிற மாதிரி. என்கிட்ட ஒரு நாள் அப்படிச் சிரிச்சிருக்கியா?"

"உன்கிட்ட எப்படிச் சிரிக்கிறது? என் பாஸ்க்ல எப்பத் தப்பு வரும்னு காத்துக்கிட்டிருக்கே. முத்தம் குடுத்தப்பக்கூட நிறுத்தித் திருத்தினே, லாந்தேர்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நாடா லாந்தேர் கையில் இருந்தது. அப்படியே இழுத்து அறுத்துவிடுவது போல அதன் நுனியைப் பிடித்தான். ரெமே மெல்ல அதை வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு இருக்கிற பாட்டு. நான் கொண்டுபோறேன். பத்தும் போகட்டும்."

மூவரும்தான் ஏறினார்கள். மூன்று வரிசையில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். நாலாவது வரிசையில், ஜன்னலோரமாக, நாடா உட்கார்ந்துகொண்டு போனது.

செபேரோ மதுக்கடைக்குத் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மதலேனிடம் பாஸ்க்கில் சொன்னார்: "இன்னிக்கு நீ ரொம்ப அழகா இருக்கே."

மதலேன் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலா? பாதிரியார் பாவமன்னிப்புக் குடுக்கற மாதிரி பேசறீங்க," என்றாள் ஸ்பானிஷில்.

"ரொட்டிக்காரன் மட்டும் பேசலாமோ?"

அவள் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். "அவன்கிட்ட பாஸ்க்ல பேசறேன். பால்காரன்கிட்ட, பாதிரிகிட்ட, என் மாட்டுகிட்டக்கூட அதுலதான். இந்த ஸ்பானிஷ் ஒண்ணுதான் உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன். அதையும் கெடுக்கணுமா?"

செபேரோ தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தார்.

"கூடத்துச் சட்டம் இங்கயும் செல்லும்," என்று அவர் தோளில் துண்டைப் போட்டாள். "நிறைய ஸ்பானிஷ் பேசியிருக்கீங்க. கழுவுங்க."

அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லாக் கிளாஸையும் பளபளவென்று கழுவித் துடைத்து அடுக்கினார். ரொட்டிக்காரனுடையதை மட்டும் கழுவவில்லை.