பட்டியலில் முதலாவது

அக்காவின் மாத்திரைக்குள் ஒரு முடி கிடந்தது.

தேன் நிறத் திரவம் அடைத்த, கண்ணாடி போலத் தெளிவான மாத்திரை. அக்கா பதினோரு வருடமாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விழுங்குகிறாள். வேறு எந்த மருந்தும் அவள் உடம்புக்குக் கேட்கவில்லை. இது வந்த பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

தங்கை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உன் முடிதான்டி டாக்டரம்மா. வீடு பூரா உன் முடிதான்" என்றாள் அக்கா.

"மூடின மாத்திரைக்குள்ள எப்படிக்கா போகும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே அஞ்சு வருஷமா படிக்கிற." அக்கா மாத்திரையைப் பிடுங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

முடி வளையும். அது வளையவில்லை. ஊசிபோல நேராக, இரண்டு முனையும் கூராக இருந்தது.

அவள் மருந்தைக் கையால் தொட்டு ஆராய்ச்சி செய்பவள் அல்ல. எல்லாம் கணினியில்தான். ஒரு மருந்தின் மூலக்கூறுகள் படிகமாகும்போது எப்படியெல்லாம் அடுக்கிக்கொள்ள முடியும் என்று கணக்கிட்டு, ஆற்றல் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும். ஆற்றல் குறைந்த அடுக்கு உறுதியானது. எளிதில் கரையாது. வயிற்றுக்குள் போனாலும் உடம்பில் சேராமல் அப்படியே கிடக்கும். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது அக்காவின் மருந்தை. பட்டியலில் நாலாயிரம் அமைப்புகள் வந்தன. ஆலையில் படிகமாகத் தயாரித்து, திரவத்தில் கரைத்து அடைக்கும் அமைப்பு இரண்டாவதாக இருந்தது. முதலாவதை உலகில் யாரும் பார்த்ததில்லை.

பேராசிரியர் சிரித்தார். "டன் கணக்குல செய்யறாங்கம்மா. அப்படி ஒண்ணு இருந்தா இத்தனை வருஷத்துல வந்திருக்காதா? உன் கணக்குல ஏதோ கோளாறு. தூக்கிட்டு எழுது."

அவள் மூன்று முறை சரிபார்த்திருந்தாள். கோளாறு இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சரி சார் என்றாள். முதலாவதை அழித்துவிட்டு, இரண்டாவதை முதலாவது என்று எழுதினாள்.

இப்படிப்பட்ட உறுதியான அமைப்பில் ஒரே ஒரு துகள் உருவானாலும் போதும் என்று அவள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் துகள் பட்ட இடத்தில் பழைய அமைப்பு மறுபடி உருவாகாது. புதியதுதான் வளரும். சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். ஆனால் அவள் எந்தத் துகளையும் தொட்டதில்லை. திரையில் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அக்காவின் குப்பியில் எல்லா மாத்திரைக்குள்ளும் ஊசிகள்.

மருந்துக் கடைக்காரர் புதுக் குப்பியைத் திறந்து காட்டினார். "காலையில வந்த சரக்கு. எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க." ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தார். தலைக்கு மேல் குழல்விளக்கு இரைந்துகொண்டிருந்தது, மருந்து நெடியும் அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து தொண்டையில் கசந்தன, அவள் கையின் சூட்டில் தேன் நிறத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மெல்லப் புறப்பட்டு, ஓரத்தைத் தொட்டு நின்றது.

கடைக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"கீழ வெச்சிடுங்கம்மா" என்றார். "வேற எதையும் தொடாதீங்க."

அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது மதிய வெயில் படுக்கையறைத் தரையில் சதுரமாக விழுந்திருந்தது, மின்விசிறி வழக்கம்போல ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிரீச்சிட்டது, சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அக்கா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"நாக்கு மரத்துப் போச்சுடி."

"டாக்டர்கிட்ட போலாம்க்கா. எந்திரி."

"நீதானே டாக்டரம்மா." சிரிக்கப் பார்த்தாள். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

பிறகு வந்தது. உதறல் இல்லை, நுரை இல்லை. அக்காவின் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. வலது கை முழங்கையில் மடங்கி மேலே எழுந்தது. அப்படியே நின்றது.

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடம் என்றார்கள். அந்தக் கையை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. சூடாக இருந்தது. நாடி இருந்தது. கண் திறந்திருந்தது.

அந்தக் கோணத்தை அவளுக்குத் தெரியும். கழுத்தின் திருப்பம் தெரியும். திரையில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். முதலாவது அமைப்பில் மூலக்கூறு இப்படித்தான் மடங்கி இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. தலைகீழாக. இரண்டுக்கும் நடுவே காற்றுப் போகக்கூட இடமில்லாமல்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். "கணக்கு சரிதான். நான் சொல்லல. சொல்லியிருந்தா யாராவது பார்த்திருப்பாங்க. அவர் சிரிச்சார்க்கா. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அக்காவின் கண்ணில் நீர் திரண்டது. கன்னத்தில் வழியவில்லை. திரண்ட இடத்திலேயே வெளுத்து, கெட்டியானது.

அவள் அழுதுகொண்டே கட்டிலில் ஏறினாள். அக்காவைக் கட்டிக்கொள்ளத்தான் ஏறினாள். ஆனால் தலை அக்காவின் கால்பக்கம் போனது. கழுத்து தானாகத் திரும்பியது. முழங்கை மடங்கியது. வலிக்கவில்லை. ஐந்து வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் படுத்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவைக் கூப்பிட நினைத்தாள். நாக்கு அசையவில்லை.

பாத்திரச் சத்தம் நின்றது.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். இருவரையும் பார்த்தாள். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். படுத்தாள். கழுத்து திரும்பியது. கை எழுந்தது.

வாசல் கதவு திறந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர். ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்தார்கள். அறைக்குள் ஒரு முறை பார்த்தார்கள். பிறகு, நிதானமாக, ஒவ்வொருவராக, காலணியைக் கழற்றத் தொடங்கினார்கள்.